பெரியவர் வந்துவிட்டார்; போட்டி முடிந்துவிட்டதா?



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டம் நடந்தது. பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் கதைதான். தலைவர் பொறுப்புக்கு ஐவர் முன்வந்திருந்தனர். ஐவர் என்பதே எனக்குப் பெரும் வியப்பு! வழக்கமாக ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் அமர்த்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஐவருள் ஒருவர் பிறைத் தொழிற்பேட்டையில் ஆலைப்பணி செய்யும் தாயார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. முதலாம் ஆண்டு முடிந்தும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு யார் என்ன செய்யப்போகிறார்கள்? சிற்றுண்டிச்சாலை வாடகைக் கணக்கைப் பெற்றோர்க்கு ஏன் காட்டக்கூடாது? இவ்விரண்டு வினாக்களும் அதில் எழுதப்பட்டிருந்தன.

கூட்டத்திற்கு இரண்டு நாள்களுக்கு முன் வட்டாரத்தில் பெயர்பெற்ற பெரியவர் ஒருவர் தலைவராக இசைந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். அன்று மாலையே புலனக் குழுவில் கைகூப்பும் படங்கள் குவிந்தன. மூவர் தாமாகவே ஒதுங்கினர். அந்தத் தாயார் மட்டும் ஒதுங்கவில்லை. கூட்ட ஏற்பாட்டைக் கவனித்த நான்தான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அம்மா, அவரே வருகிறார். நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டால் பள்ளிக்கு நல்லது" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் ஓசை இல்லை. பிறகு, "சரிங்க சார்" என்றார்.

தேர்தல் சில நிமிடங்களில் முடிந்தது. போட்டியின்றித் தேர்வு! கைதட்டல் கூரையைப் பிளந்தது. "இதுவல்லவோ ஒற்றுமை!" என்று மேடையில் ஒருவர் முழங்கினார். அந்தத் தாயாரின் இரண்டு வினாக்களையும் அன்று எவரும் கேட்கவில்லை; அதற்குப் பின்னும் கேட்கவில்லை. பெரியவர்மீது எனக்குக் குறையேதும் இல்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவரும் எதற்கும் விடை சொல்லவில்லை. குற்றம் என்னுடையது.

அன்று தொடங்கிய உறுத்தலே இன்று இக்கட்டுரையாக வருகிறது. முன்னணியில் நிற்கும் ஒருவர் களத்தில் நுழைந்ததும் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவதை நாம் பண்பாடு என்கிறோம். நான் அதைப் பண்பாடு என்று ஏற்கவில்லை. அது நம் சமுதாயத்தை மெல்ல அரிக்கும் கரையான்.

ஒருவர் நுழைந்ததும் என்ன மாறுகிறது?

இதைத் தெளிவாகக் காண்பதற்கு அமெரிக்கா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய, மாநிலம் மாநிலமாகக் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கிறது. பிரைமரி என்பது அதன் பெயர். கட்சியின் ஆதரவாளர்களாகிய பொதுமக்களே அதில் வாக்களிக்கின்றனர்.

2019ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியில் ஒரே நெரிசல். ஏறத்தாழ இருபது பேர் களத்தில் நின்றனர். அவர்களுள் ஒருவர் கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். நமக்கெல்லாம் திடீர் உறவுக்காரர் ஆனவர். அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் நாள், முன்னாள் துணை அதிபர் ஜோ பைடன் தாமும் போட்டியிடுவதாக அறிவித்தார். கருத்துக்கணிப்புகளில் அவரே முதலிடம்.

அந்த ஒரு நாளில் மற்ற அனைவரின் கணக்கும் மாறியது. அதுவரை ஒவ்வொருவரும் "நான் யார், நான் என்ன செய்வேன்" என்று பேசி வந்தனர். அதற்குப் பின் ஒவ்வொருவரும் "அவர் இருக்கையில் நான் எதற்கு" என்பதற்கு விடை தேட வேண்டியதாயிற்று. அவரைப் போன்றே நடுவழிக் கொள்கை பேசியவர்களுக்கு மூச்சுத் திணறல். அவருக்கு மாறான கொள்கையுடையோர்க்கோ, எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைத்தார். நன்கொடையாளர்கள் பணப்பையை இறுக்கிக்கொண்டு, வெல்லப்போகிறவர் யார் என்று பார்க்கத் தொடங்கினர். ஊடக வெளிச்சம் ஒரு பக்கமே சாய்ந்தது.

ஆனால் அங்கே நடந்த ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் கலைந்துவிடவில்லை! ஜூன் மாத இறுதியில் மயாமியில் நடந்த முதல் விவாதத்தில், இருபது பேரை ஒரே மேடையில் நிறுத்த இயலாமல் இரண்டு இரவுகளாகப் பிரித்தார்கள். இரண்டாம் இரவு, ஜூன் 27ஆம் நாள், கமலா ஹாரிஸ் முன்னணி வேட்பாளரை நேருக்கு நேர் நோக்கிக் கேட்டார். பள்ளிகளில் இன ஒதுக்கலை நீக்கும் பொருட்டுக் கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பள்ளிகளுக்கு அழைத்துச் சென்ற திட்டத்தை நீங்கள் எதிர்த்தீர்களே என்பதுதான் வினா. அப்படிப் பேருந்தில் சென்ற சிறுமி தாமே என்றும் சொன்னார். பெரியவர் தடுமாறினார். நாடே பார்த்தது.

கமலா அந்தப் போட்டியில் நிலைக்கவில்லை. பணம் வற்றி, 2019 டிசம்பர் 3ஆம் நாள் விலகிக்கொண்டார். பைடனும் பூப்பாதையில் நடந்துவிடவில்லை. 2020 பிப்ரவரியில் ஐயோவாவில் நான்காம் இடம். நியூ ஹாம்ப்ஷையரில் ஐந்தாம் இடம். முடிந்தது இவர் கதை என்று எழுதினார்கள். பிப்ரவரி 29இல் தென் கரோலினாவில் வென்றார். அதன் பிறகே பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபுசார் ஆகியோர் விலகி அவரை ஆதரித்தனர். மார்ச் 3ஆம் நாள் 14 மாநிலங்களில் 10 அவர் வசமாயின. முதலில் தேர்வு, அதன் பிறகே ஒதுங்கல். இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கமலா மேடையில் அவரைத் திணறடித்தாரோ, அதே கமலாவைத்தான் 2020 ஆகஸ்டில் அவர் தம் துணை அதிபர் வேட்பாளராக்கினார். கேள்வி கேட்டவர் பகைவர் ஆகிவிடவில்லை.

வரிசை தலைகீழானால்?

2024இல் அதே கட்சியில் அதே மனிதர்கள். இம்முறை பைடன் பதவியில் இருந்த அதிபர். எனவே வலுவான எவரும் அவரை எதிர்த்து நிற்கவில்லை. பிரைமரி என்ற பெயரில் சடங்கு நடந்தது. மூத்த அதிபரின் உடல்நிலையும் உரைத்திறனும் எப்படி உள்ளன என்னும் தேர்வைக் கட்சி தன் வீட்டுக்குள் வைக்கவில்லை. ஆகவே அந்தத் தேர்வை எதிர்க்கட்சி வைத்தது! 2024 ஜூன் 27ஆம் நாள் அட்லாண்டாவில் டிரம்புடன் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை உலகம் கண்டது. மயாமி மேடைக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே நாள்.

ஜூலை 21இல் பைடன் விலகி, கமலா ஹாரிசை முன்மொழிந்தார். போட்டியிடக்கூடும் என்று பேசப்பட்ட ஆளுநர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆதரவு தெரிவித்தனர். இரண்டே நாள்களில் தேவையான பேராளர்களின் ஆதரவு திரண்டது. தமிழகத்தில் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தில், அவருடைய தாத்தாவின் ஊரில், கோயிலில் வழிபாடு நடத்தினார்கள். நம் ஊர்ப் புலனக் குழுக்களிலும் "தமிழச்சி வெள்ளை மாளிகைக்கு" என்று படங்கள் பறந்தன. நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன், மறைப்பானேன்! நவம்பர் 5ஆம் நாள் டிரம்ப் வென்றார்.

பிரைமரி நடக்காததால்தான் கமலா தோற்றார் என்று நான் சொல்லவில்லை. விலைவாசி முதல் குடிநுழைவு வரை ஆயிரம் காரணங்கள். ஆனால் ஒன்றைச் சொல்வேன். கட்சிக்குள்ளேயே பத்துப் பேர் முன்னிலையில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினாக்கள், பகைவன் வாயிலிருந்து, திருத்திக்கொள்ள நேரமில்லாத வேளையில் வந்தன. அரையாண்டுத் தேர்வே எழுதாத மாணவனை நேரே அரசுத் தேர்வு மண்டபத்தில் அமர்த்தினால் எப்படியிருக்கும்? ஆசிரியர்களாகிய நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!

நம் வீட்டுக் கதை

அமெரிக்கா கிடக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம்.

ம.இ.கா.வை எடுத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு துணைத் தலைவர் பதவிக்கு மும்முனைப் போட்டி. ஜி. பழனிவேல், முன்னாள் துணைத் தலைவர் டத்தோ ச. சுப்பிரமணியம், எஸ். சோதிநாதன் ஆகிய மூவர் நின்றனர். அன்றைய தேசியத் தலைவர் சாமிவேலுவின் ஆதரவு பழனிவேலுக்கு. அவரே வென்றார். தலைமையின் ஆசி பெற்றவர் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம் என்று களம் பிரிந்தாலும், பேராளர்கள் வாக்களித்தார்கள், அதுவரை நல்லது.

2013இல் என்ன நடந்தது? பழனிவேல் அப்பொழுது தேசியத் தலைவர். டாக்டர் ச. சுப்பிரமணியம் அவரை எதிர்த்து நிற்பார் என்று நாடெங்கும் பேச்சு. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. தலைவர் போட்டியின்றித் தேர்வு. ஒற்றுமை காக்கப்பட்டது என்று நாளிதழ்களில் மாலை மரியாதைப் படங்கள். அந்த ஒற்றுமை எத்தனை நாள் நீடித்தது? மற்றப் பதவிகளுக்கு நடந்த தேர்தலைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. 2014 டிசம்பரில் சங்கங்களின் பதிவிலாகா அத்தேர்தலைச் செல்லாது என்றது. 2015இல் கட்சி இரண்டாகப் பிளந்து நீதிமன்றப் படியேறியது. வாக்குப்பெட்டியில் தீர வேண்டியது வழக்குமன்றத்தில் இழுபட்டது.

அதற்குப் பின் 2018, 2021, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அக்கட்சியின் தலைவர் போட்டியின்றியே தேர்வானார். தனியொருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்சித் தேர்தலில் தலைவரிடம் கேள்வி கேட்கும் வாய்ப்பையே இழந்த உறுப்பினர்கள், பொதுத்தேர்தலில் மக்களைக் கேள்வி கேட்கத் தூண்டுவது எப்படி?

இதற்கு நேர்மாறான காட்சியொன்று 2025இல், நம் அண்டையிலேயே வேர்கொண்ட ஒருவரால் நடந்தது. பாகான் டாலாமிலிருந்து பெர்மாத்தாங் பாவ் எத்தனை தூரம்? ஒரு தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம். அத்தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் நூருல் இஸ்ஸா அன்வார், பி.கே.ஆர். துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட முன்வந்தார். கட்சித் தலைவர், நாட்டின் பிரதமர், அவருடைய தந்தை! தொகுதித் தலைவர்கள் பலர் அவரை வருமாறு அழைத்தனர். முன்னணி வேட்பாளர் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பதவியில் இருந்தவர் ரபிசி ரம்லி. 2022இல் கட்சியின் எல்லா உறுப்பினர்களும் வாக்களித்த தேர்தலில் வென்றவர். 2025இல் முறை மாறியது; பேராளர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். காற்று எப்பக்கம் வீசுகிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை. "விட்டுக்கொடுங்கள்" என்று சொல்ல ஆயிரம் வாய்கள் இருந்திருக்கும். அவர் விலகவில்லை. மே 23ஆம் நாள் முடிவு: நூருல் இஸ்ஸாவுக்கு 9,803 வாக்குகள்; ரபிசிக்கு 3,866. சில நாள்களில் அவர் அமைச்சர் பதவியைத் துறப்பதாக அறிவித்தார்.

ரபிசியின் கொள்கைகளை நான் ஆதரிக்கிறேனா என்பது வேறு கதை. அவர் நின்றதால் விளைந்தது என்ன? தந்தையும் மகளும் ஒரே கட்சியின் முதலிரு நாற்காலிகளில் அமரலாமா என்ற வினா பொதுவில் பேசப்பட்டது. 3,866 பேர் தம் கருத்தை எண்ணிக்கையாகப் பதிந்தனர். நூருல் இஸ்ஸாவுக்கும் இது நன்மையே. "அப்பா கொடுத்த நாற்காலி" என்று ஒருவர் சொன்னால், "9,803 பேர் கொடுத்தது" என்று அவரால் விடை கூற முடியும். போட்டியின்றி வந்திருந்தால் அந்த விடை அவரிடம் இருந்திராது. தோற்கப்போகிறோம் என்றறிந்தும் நிற்பவர், வெல்லப்போகிறவருக்கே பெரும் உதவி செய்கிறார்.

பாகான் டாலாம் வாக்காளனின் நிலை

இனி என் வாசலுக்கே வருகிறேன். பாகான் டாலாம் சட்டமன்றத் தொகுதியை 2008 முதல் ஜ.செ.க. தன் வசம் வைத்துள்ளது. 2008, 2013 ஆகிய தேர்தல்களில் தனசேகரன்; 2018இல் சதீஸ் முனியாண்டி; 2023 ஆகஸ்டு 12இல் குமரன் கிருஷ்ணன். மூவரும் நம்மவர். மூவர்க்கும் நான் மரியாதை செலுத்துகிறேன். அண்டைத் தொகுதியான பிறையில் 2008 முதல் இரண்டாம் துணை முதலமைச்சராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமி 2023இல் வேட்பாளர் பட்டியலில் இடம்பெறவில்லை. சுந்தரராஜூ சோமு அங்கு நின்றார்.

என் வினா ஒன்றே. இரண்டு முறை எங்கள் தொகுதியில் முகம் மாறியதே, பழையவர் எதில் குறைந்தார், புதியவர் எதில் மிகுந்தார் என்று எங்கள் முன்னால் யாரேனும் பேசினார்களா? அந்த இடத்தை விரும்பியோர் வேறு எவரெவர்? அவர்கள் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி, வேலையில்லாத இளைஞர்களைப் பற்றி என்ன எண்ணம் வைத்திருந்தனர்? எதுவும் தெரியாது. கூட்டம் இருந்ததா, நெரிசல் இருந்ததா என்பதுகூடத் தெரியாது. பட்டியல் வந்தது, படித்தோம். இது ஒரு கட்சியின் குறையன்று. இந்நாட்டின் கட்சிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வேட்பாளர்களைத் தேர்கின்றன. இங்கே முன்னணி வேட்பாளர் என்பவர் மக்களிடையே முன்னணியில் நிற்பவர் அல்லர். தலைமையின் பார்வையில் முன்னணியில் நிற்பவர். அவர் களத்தில் நுழைவது நமக்குத் தெரியும் முன்பே களம் வெறுமையாகிவிடுகிறது.

"சின்னச் சமுதாயம், சண்டை வேண்டாம்"

நான் இப்படிப் பேசும்போதெல்லாம் ஒரு மறுப்பு வரும். "நாம் சிறுபான்மை. நமக்குள் போட்டியிட்டால் அடுத்தவன் சிரிப்பான். பெரியவர் ஒருவர் வந்தால் அவர் பின்னால் நிற்பதே நமக்குப் பலம்."

இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. போட்டி என்ற பெயரில் நாற்காலிகள் பறந்த கூட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நாற்காலி பறந்தது போட்டியாலா? முறையாகப் போட்டியிட நாம் பழகாததாலா? வாக்குப்பெட்டியை மூடி வைத்தால் மனக்கசப்பு மறைந்துவிடாது. புகைந்துகொண்டே இருக்கும். 2013ஐத் தொடர்ந்து வந்த 2015ஐ நினைத்துப் பாருங்கள்.

சிறிய சமுதாயத்திற்குத்தான் போட்டி கூடுதலாகத் தேவை என்பேன். பெரிய சமுதாயம் ஒரு தவறான தலைவரைத் தாங்கிக்கொள்ளும். பினாங்கு முழுமைக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளே வைத்திருக்கும் நாம் தாங்குவோமா?

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே "தெரிந்துதெளிதல்" என்று பெயர் வைத்தார். முதலில் ஆராய்தல், பிறகே தெளிதல். நாமோ தெளிந்துவிட்டு, ஆராய்வதை மறந்தே போகிறோம்! பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் தகுதியற்றவர். கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவருடைய உறவினரும் தகுதியற்றவர். நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கு மட்டுமே இடமளித்த முறை அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: செல்வாக்கு மிக்கவர் நுழைந்தவுடன் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் கைதட்டும் வழக்கம் அக்கல்வெட்டில் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

கட்சிகளை நாம் இன்றே மாற்றிவிட முடியாது. நம் பள்ளியை மாற்றலாம் அல்லவா?

முதலாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலில் எவரையும் விலகச் சொல்லித் தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஆசிரியர்கள் அறவே அழைக்காதீர்கள். விலகுவது அவரவர் உரிமை. விலக்குவது நம் வேலையன்று.

இரண்டாவது, ஒருவரே எஞ்சி நின்றாலும் அவர் எழுந்து ஐந்து நிமிடம் பேசட்டும். மூன்று வினாக்களுக்கு விடை சொல்லட்டும். போட்டி இல்லாமல் போகலாம். தேர்வு இல்லாமல் போகக்கூடாது.

மூன்றாவது, வகுப்புத் தலைவரை நாம் விரல் நீட்டித் தேர்வதை நிறுத்துவோம். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெயரைச் சொன்னதும் மற்றப் பிள்ளைகள் கையைக் கீழே இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? நம் சமுதாயத்தின் கட்சிக் கூட்டங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. இறங்கிய கைகளை மீண்டும் உயர்த்தச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசவிடுங்கள். பிறகு மறைவாக வாக்கிடட்டும்.

நான்காவதும் ஒன்று உண்டு, அது எனக்கானது. சென்ற மாதம் பட்டர்வொர்த் சந்தையில் அந்தத் தாயாரைக் கண்டேன். பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான் என்றார். அன்று அழைத்தது தவறென்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பரவாயில்லைங்க சார், அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்" என்றார்.

பள்ளியில் அடுத்த ஆண்டுக்கூட்டம் வருகிறது. அவருடைய இரண்டு வினாக்களையும், யார் தலைவராக வந்தாலும், நானே எழுந்து கேட்கப்போகிறேன். உங்கள் பள்ளியில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
பாகான் டாலாமிலிருந்து ஓர் ஆசிரியன்